இரண்டு கையும் நிறைய

கத்துகிற ஆளின் இரண்டு கைகளையும் முதலில் நிரப்பிவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வித்தை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இருக்கிறவன் பேசாமல் பையில் தேடிக்கொண்டிருப்பான், இல்லாதவன்தான் பெட்டியே அதிரக் கத்துவான் என்று சொல்லிச் சிரிப்பார். மகள் கல்யாணமாகிப் போனபின் மாடியில் எங்கள் அறை போக இரண்டு அறைகளும் கீழே கூடத்தை ஒட்டிய அறையும் சும்மா கிடந்தன. அறை வாடகைக்கு விடுகிற போன் ஆப்பில் போட்டு, ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு விடலாம் என்றார். கண்டவனும் வந்து நம் வீட்டில் குளித்துவிட்டுப் போவதா என்று நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் மூன்று அறைக்கும் புதுத் தலையணை வாங்கிவிட்டார்.

வந்தவர்களில் பெரும்பாலானோர் நல்லவர்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நடுநடுவே ஒரு மகராசன் வருவான். பெட்டியை இறக்கும்போதே முகம் ஒரு முழம் நீண்டிருக்கும். ஜன்னல் ஏன் தெற்கே பார்க்கிறது என்பான். பக்கத்து வீட்டு நாயை நாங்கள்தான் குரைக்கச் சொன்னோம் என்பான். நான் யார் தெரியுமா என்று கேட்பான், தெரிந்தால் நாங்கள் ஏன் அடையாள அட்டை கேட்கப்போகிறோம்? கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். ஆப்பில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு மானத்தை வாங்கிவிடுவேன் என்பார்கள்.

எனக்கு அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் கோபம் உச்சந்தலையில் ஏறிவிடும். ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வேன். உருவத்தில் நான் சின்னவள். சூடான எண்ணெயில் விழுந்தது மாதிரி வெடிக்கிறாயே என்று, கல்யாணமான புதிதிலேயே அவர் எனக்குக் 'கடுகு' என்று பெயர் வைத்துவிட்டார். மகளுக்கே என் நிஜப் பெயர் பள்ளியில் சேர்க்கும்போதுதான் தெரிந்தது.

ஒருமுறை, துண்டு ஈரமாக இருக்கிறது என்று ஓர் ஆள் மாடியிலிருந்து சட்டையில்லாமல் இறங்கி வந்தான். ஜிம்முக்குப் போய் வளர்த்த உடம்பு. தடதடவென்று கூடத்துக்கு வந்து விரலை ஆட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்க சொல்றது சரிதான். உக்காருங்க" என்றார். அடுக்களைக்குப் போய், பிடி இல்லாத பெரிய கண்ணாடித் தம்ளரில் டீயைத் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினார். அவன் ஒரு கையால் வாங்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு கையாலும் வாங்கினான். விரலை ஆட்ட ஒரு விரல்கூட மிச்சமில்லை. கொட்டிவிடக் கூடாதே என்று தம்ளரையே பார்த்துக்கொண்டு, குரலையும் இறக்கிவிட்டான். இவர் எதிரே உட்கார்ந்து, வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டார். டீ பாதி குறைவதற்குள் அவன் தன் அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

அவன் போனபின் நான் பிடித்துக்கொண்டேன். அவன் சொன்னது எப்படிச் சரி, துண்டு காய்ந்துதானே இருந்தது, ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"சரிதான்னு சொன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல, கடுகு. நீ சொல்றது காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த வித்தையை நானும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளக் காலம் பிடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு 'நீங்க சொல்றது சரிதான்' என்று சொன்னால் பல் நறநறக்கிற சத்தம் எதிராளிக்குக் கேட்டுவிடும். ஆனால் பழகிவிட்டது. கோபம் வர வர என் குரல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். வாய் தன்பாட்டுக்கு சார், சார் என்று சொல்லிக்கொண்டிருக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவருக்கு மறதி வந்தது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு நாள் மாடியில் தங்கியிருந்த புது ஜோடியின் கதவைத் தட்டி டிக்கெட் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனில் அறை பதிவு செய்ததைக் காட்டியிருக்கிறாள். அவரும் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கி வந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அடுக்களைக்குப் போய் வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுதேன், வெங்காயம் அன்றைக்குத் தேவையே இல்லை.

டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். இது குணமாகிற வியாதி இல்லை, ஆனால் மெதுவாகத்தான் முற்றும் என்றார். மாடிப்படியில் ஒருமுறை தடுமாறி விழுந்தபின், எங்கள் படுக்கையைக் கீழே கூடத்தை ஒட்டிய அறைக்கு மாற்றினேன். அதுவரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அறை. அலமாரியில் அவர் துணிகளை அடுக்கினேன். ஜன்னலோரம் அவர் நாற்காலியைப் போட்டேன். சுவரில் 'விருந்தினர் கவனத்துக்கு' என்று அவரே முத்து முத்தாக எழுதி மாட்டிய அட்டை இருந்தது. சாவியை எங்கே வைக்க வேண்டும், காலி செய்கிற நேரம் என்ன, துண்டை எங்கே போட வேண்டும், கதவைச் சத்தமில்லாமல் சாத்த வேண்டும் என்றெல்லாம் இருக்கும். அதைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. பழக்கத்தில் தினமும் துண்டை மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன், மேஜையில் டீ நிரப்பிய பிளாஸ்க்கும் கவிழ்த்த தம்ளரும் வைத்தேன். எல்லா அறைக்கும் அப்படித்தானே வைக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அவர் குளித்து, சட்டை போட்டு, கையில் பையோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

"இங்க ஓனர் யாரு?" என்றார். நான் விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. "நான் தூங்கி எந்திரிச்சு பாத்தா என் ரூம்ல யாரோ ஒரு பொம்பள படுத்திருக்கா. இது என்ன மாதிரி இடம்?"

அந்தப் பொம்பளை நான்தான் என்று சொன்னேன். கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினேன். அதில் இருக்கிற பெண் சின்னப் பெண், நீ யார் என்றார். நான் பேசப் பேச அவர் குரல் ஏறியது. அத்தனை வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை அதட்டாத மனிதர், வழியை விடு என்று கத்தி என்னைத் தள்ளினார். முழங்கை கதவில் இடித்தது. மாடியில் தங்கியிருந்தவர்கள் படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கைக்கு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். நீங்கள் சொல்வது சரிதான் சார், உட்காருங்கள் என்றேன். பெரிய தம்ளரில் தளும்பத் தளும்ப டீ ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொட்டிவிடக் கூடாதே என்று அதையே பார்த்தார். தோள் இறங்கியது, மூச்சு இறங்கியது. தான் கண்டுபிடித்த வித்தை தன்மேலேயே வேலை செய்வது அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் சார் என்று கேட்டேன், அதுதான் அடுத்து கேட்க வேண்டியது.

"பொண்டாட்டி இருக்கா" என்றார். "ரொம்ப கோவக்காரி. கடுகுன்னுதான் கூப்பிடுவேன். டியூட்டி முடிஞ்சு நான் லேட்டா போனா வாசல்லயே நிப்பா. பேச மாட்டா, ஆனா சாப்பிடாம நிப்பா."

எப்போது வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். வேலை முடிந்ததும் என்றார்.

அன்றிலிருந்து அவர் விருந்தாளி, நான் வீட்டுக்காரம்மா. என் படுக்கையைக் கூடத்தில் அவர் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். அவர் சட்டைக் காலர் எப்போதும் ஒரு பக்கம் மடங்கிக்கொள்ளும். வேலைக்குப் போகிற நாளெல்லாம் வாசலில் நிறுத்தி அதை நான்தான் சரிசெய்து அனுப்புவேன். இப்போது பார்த்துக்கொண்டே நின்றேன். தங்க வந்தவரின் காலரில் வீட்டுக்காரம்மா எப்படிக் கை வைப்பது? ஒருநாள் மறந்து கை வைத்தபோது திடுக்கிட்டு விலகிக்கொண்டார். நல்ல மனிதர், வேற்றுப் பெண் தொட்டால் அப்படித்தான் விலகுவார். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

சண்டை ஓய்ந்தது. வீட்டில் அமைதி வந்தது. உள்ளதைச் சொன்னால், அமைதிக்கு மேலும் ஒன்று வந்தது. சாயங்காலம் டீ கொண்டுபோனால் அவர் தன் மனைவியைப் பற்றிப் பேசுவார். என்னிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் அந்த வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தபோது பயத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாராம். என் சமையல் சுமார்தான் என்றும், அதை என்னிடம் சொன்னால் வீடு இரண்டாகிவிடும் என்றும் சொன்னார். மகள் பிறந்த அன்று ரயிலிலேயே ஒரு பெட்டி முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். என் முகத்துக்கு நேராக என்னைப் பற்றி இத்தனை ஆசையாக அவர் பேசிக் கேட்டதில்லை. எனக்குப் பித்துப் பிடித்தது மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு என்ன சொல்வாரோ என்று நேரத்துக்கு முன்பே டீ போட்டேன். உங்க மனைவி என்ன செஞ்சாங்க சார், அப்புறம் என்ன ஆச்சு சார் என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

மகள் ஒருமுறை வந்து நாலு நாள் இருந்தாள். அவள் தன்னை மகள் என்று சொன்னதும் அவர் பதறினார், நான் இடையில் புகுந்து, இவங்க மாடி ரூமுக்கு வந்திருக்காங்க சார் என்று சமாளித்தேன். அவள் என்னை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ அப்பாவ நெஜமாவே கெஸ்ட் ஆக்கிட்டம்மா. ரூம் வாடகைக்கு விடறத நிறுத்து. அந்த அட்டைய கழட்டு. வீடு வீடு மாதிரி இருந்தாதான அவருக்கு வீடுன்னு தோணும்?"

"என்னடி செய்யச் சொல்ற? தினமும் தள்ளு வாங்கச் சொல்றியா? மருந்துக்குக் காசு யார் குடுப்பா?" என்று நான் வெடித்தேன். உன் வாய்க்கு அப்பாதான் சரி என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவரவர் மூலையில் அழுதுவிட்டு, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாத்திரம் கழுவினோம்.

டாக்டரிடம் கேட்டேன். எதிர்த்துப் பேசாமல் போவது நல்லதுதான் என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். எப்போதாவது மேகம் விலகுகிற மாதிரி கொஞ்ச நேரம் தெளிவு வரும். எப்போது வரும், எத்தனை நேரம் இருக்கும், இன்னொரு தடவை வருமா என்று சொல்ல முடியாது. வந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள் என்றார்.

அதற்காகத்தான் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவர் என்னைப் பார்த்துக் கடுகு என்று கூப்பிட வேண்டும். நான் 'என்னங்க' என்று சொல்ல வேண்டும். என் சமையல் சுமார் என்று யாரிடமோ சொன்னீர்களாமே என்று சண்டை பிடிக்க வேண்டும். துணி மடிக்கும்போதும் படுக்கை விரிக்கும்போதும் அந்த 'என்னங்க'வைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். நாக்கு நுனியிலேயே வைத்திருந்தேன்.

அந்த வாரம் மாடியில் இரண்டு அறைகளையும் ஒரு குடும்பம் எடுத்திருந்தது. நாலு பேர் என்று பதிவு செய்துவிட்டு, ஒரு வேன் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இத்தனை பேர் தங்க முடியாது என்று நான் சொன்னபோதே குடும்பத் தலைவனுக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. கூடவே ஒரு மச்சான். மீசைக்காரர் எது சொன்னாலும் 'கரெக்ட் மாமா' என்பதுதான் அவன் வேலை. அத்தனை பேரும் மாற்றி மாற்றிக் குளித்ததில் மறுநாள் தண்ணீர் சூடாக்குகிற ஹீட்டர் உயிரை விட்டது. பிளம்பர் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று சொல்லி அனுப்பினேன். பிளம்பர் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தார்?

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் மீசைக்காரரும் மச்சானும் கூடத்துக்கு இறங்கி வந்தார்கள். மீசைக்காரர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். மேஜைமேல் இருந்த சாவிகள் குதித்தன. ஏமாற்றுக்காரி என்றார், போலீசுக்குப் போவேன் என்றார். மச்சான் போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். நீங்கள் சொல்வது சரிதான் சார் என்று பஞ்சுக் குரலில் சொன்னேன். தம்ளர் நிறைய டீ கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. யாருக்கு வேண்டும் உன் டீ என்று கையை வீசினார். தம்ளர் பறந்து போய்த் தரையில் விழுந்து சிதறியது. அத்தனை வருஷத்தில் அந்த வித்தை தோற்றது அன்றைக்குத்தான். அவர் விரலை நீட்டிக்கொண்டு என் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். கண்ணை அந்த விரலிலிருந்து எடுக்க முடியவில்லை.

பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத காலடி கேட்டது.

"கடுகு, நீ உள்ள போ. கால்ல கண்ணாடி குத்திடப் போகுது. நான் பாத்துக்கறேன்."

நான் திரும்பவில்லை. இவர் நடுவில் வந்தால் அந்த முரடன் இவரையும் தள்ளிவிடுவான், விழுந்தால் எலும்பு தாங்காது என்பதுதான் மனசில் ஓடியது. வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"ஒண்ணும் இல்ல சார். நீங்க ரூமுக்குப் போங்க சார். டீ கொண்டு வரேன்."

சொல்லி முடித்த பிறகுதான், அவர் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது.

திரும்பினேன். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போன நாட்களில் நிற்பது போலவே, முதுகு நிமிர்ந்து, ஒரு கை சட்டைப் பையின்மேல். கண்ணில் அவர் இருந்தார். எத்தனையோ மாதமாக அந்தக் கண்ணில் யாரையோ பார்த்துவிட்டு, அன்றைக்கு அவரைப் பார்த்தேன்.

"சாரா?" என்றார். "என்னப் போய் எதுக்கு சார்ங்கற?"

நான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனியிலேயே வைத்திருந்த அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். மேஜைமேல் எண் போட்ட சாவிகளைப் பார்த்தார், போனைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்தார், திரும்பித் திறந்திருந்த தன் அறையையும் சுவரில் இருந்த அட்டையையும் பார்த்தார். தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிட்டு, ரயில் நகர்ந்தபின் பெயர்ப் பலகையைப் படிக்கிறவரின் முகமாக அது மாறியது.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். "ஆள் மாறிப் போச்சு."

அறைக்குள் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மீசைக்காரர் இன்னும் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நான் அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கண்ணாடிமேல் மிதித்தது எனக்குத் தெரியவில்லை. கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே போனேன். அவர் கட்டில் ஓரத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க" என்றேன். வந்துவிட்டது, இப்போது வந்து என்ன? "என்னங்க, நான்தாங்க. கடுகு. இப்ப கூப்பிட்டீங்களே, கடுகுன்னு. இன்னொரு தடவ கூப்பிடுங்க."

அவர் எழுந்து நின்றார். வேற்றுப் பெண் அறைக்குள் நுழைந்துவிட்ட சங்கடம் முகத்தில் இருந்தது. ஆனாலும் மரியாதை குறையவில்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க" என்றார்.

"சரிதான்னு சொல்லாதீங்க" என்று கத்தினேன். வீடு முழுக்கக் கேட்டிருக்கும், தெரு முழுக்கக்கூடக் கேட்டிருக்கும். "நான் உங்க பொண்டாட்டி. வாசல்ல நிக்கிறவ நான்தான். சாப்பிடாம நிக்கிறவ நான்தான். என்னத் தெரியலையா உங்களுக்கு?" அவர் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினேன். கையிலிருந்த பை கீழே விழுந்தது. சுவரிலிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். மடித்து வைத்த துண்டை எறிந்தேன். எங்கள் வீட்டில் தங்க வந்த எந்த முரடனும் அப்படி ஆடியதில்லை.

அவர் திருப்பித் தள்ளவில்லை. என் கைகளைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். ஜன்னலோரம் இருந்த தன் நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டார்.

"நீங்க சொல்றது சரிதான். உக்காருங்க" என்றார். "கால்ல கண்ணாடி குத்தியிருக்கு பாருங்க. ரத்தம் வருது. உக்காருங்கம்மா."

உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரலுக்கு யாரால் உட்காராமல் இருக்க முடியும்?

வாசல் பக்கம் நிழலாடியது. மீசைக்காரர் நின்றுகொண்டிருந்தார், அவர் முதுகுக்குப் பின்னால் மச்சான், போன் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "நாங்க பச்சத் தண்ணிலயே குளிச்சுக்கறோம்மா" என்றார் மீசைக்காரர், அவருக்கு அத்தனை சின்னக் குரலும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த தம்ளரை நிமிர்த்தினார். பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினார். விளிம்பு வரைக்கும், அதற்கு மேலும் கொஞ்சம் ஊற்றினார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நடுங்குகிற கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. அதை என்னிடம் நீட்டினார். ஒரு கையால் வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர் எதிரே கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"நானும் அவரும்தான்" என்றேன்.

"அவர் எங்க?"

"டியூட்டிக்குப் போயிருக்கார்."

"வந்துடுவாரு" என்றார். "நீங்க வாசல்ல நிக்கறீங்கன்னு தெரிஞ்சா வராம இருப்பாரா? கவலப்படாம குடிங்க. ஆறிடப் போகுது."

கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடையில் நின்றது. துடைக்கக் கையில்லை. அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தம்ளர் விளிம்பு வரை நிறைந்திருந்தது, கொஞ்சம் அசைந்தாலும் கொட்டிவிடும். நான் அந்தக் காலரைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தேன்.